எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடும் தம்பிக்கு மனம் சரியில்லை: எங்கே போவது?

கேட்டவர் ஓர் அக்கா. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு. தம்பிக்கு முப்பது வயது நெருங்குகிறது. முதலமடை மாந்தோப்புகளில் மருந்து தெளிக்கும் வேலை. காய்ப்புக் காலத்தில் பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டியும் ஓட்டுவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பாலக்காட்டுக்குப் போனால் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடும் என்று வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் போய் மருந்து வாங்குகிறார். வைரஸ் அளவு கட்டுக்குள் இருப்பதாக அறிக்கை சொல்கிறது. ஆனால் சில மாதங்களாகப் பேச்சில்லை, தூக்கமில்லை, சோறு இறங்குவதில்லை. மாத்திரையை இடையிடையே விட்டுவிடுகிறார். “இருந்து என்ன ஆகப்போகிறது” என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். நோய் மூளைக்கு ஏறிவிட்டதா, மாத்திரை செய்யும் வேலையா, எங்கே கூட்டிப்போவது, அம்மா அவருக்குத் தனித் தட்டு வைத்திருப்பது சரியா, அவருக்குத் தெரியாமல் மருத்துவமனையில் பேசலாமா என்பவை கேள்விகள்.

எல்லையோரத்தில் எச்.ஐ.வி. ஆலோசகராகப் பல காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. அதில் நான் தலையிடவில்லை.

கேள்விகளின் வரிசையை விட்டுவிட்டு, தம்பி சொன்ன அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். “இருந்து என்ன ஆகப்போகிறது” என்பதைச் சலிப்பில் வந்த பேச்சு என்று தள்ளாதீர்கள். அவரிடம் நேராகவே கேளுங்கள்: “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆகாது. இதை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் கண்டது, கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்பதே. பெரும்பாலும் ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பாரம்தான் குறைகிறது.

அடுத்தது, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து. உங்கள் தம்பியின் தொழிலே அது என்பதால் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் கிராமங்களில் தற்கொலை முயற்சிகள் பல, கைக்கெட்டும் தூரத்தில் டப்பா இருந்ததால் சில நிமிட வேகத்தில் நடந்தவை. அந்தச் சில நிமிடங்கள் கடந்தால் பலர் மறுபடி அந்த வழிக்குப் போவதில்லை. அதனால் பூச்சிமருந்து டப்பாக்கள், தெளிப்பான் எல்லாம் இன்றே வீட்டைவிட்டுப் போகட்டும். தோட்டக்காரரின் அறையில் பூட்டி வையுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, வீட்டில் குழந்தைகள் நடமாடுகிறார்கள் என்றால் போதும். முடிந்தால் தெளிப்பு வேலையிலிருந்து வண்டி வேலைக்கு முழுதாக மாறச் சொல்லுங்கள். வழி யோசித்து வைத்திருப்பதாக அவர் சொன்னால் அன்றே மருத்துவமனை, அதுவரை அவரைத் தனியே விடக் கூடாது. இரவு எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை. கேரளத்திலிருந்து அழைத்தாலும் மொழித் தேர்வில் தமிழ் கேளுங்கள். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் வழக்கு வரும் என்ற பழைய பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது. அவரைத் தண்டிக்காமல் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது.

இனி, நோயா மாத்திரையா என்ற கேள்வி.

வைரஸ் மூளையைத் தொடும் என்பது உண்மை. சிகிச்சை இல்லாத காலத்தில் மறதியும் தடுமாற்றமும் கடுமையாக வந்தன. மருந்து ஒழுங்காகப் போகிறவர்களிடம் அந்தக் கடுமையான நிலை இப்போது அரிது. உங்கள் தம்பியின் வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது என்கிறீர்கள்; நீங்கள் சொல்லும் அடையாளங்களும் மறதியின் பக்கம் காட்டவில்லை. ஆனால் திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, காய்ச்சலோடு விடாத தலைவலி வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ அது மனநல விஷயம் அல்ல. மூளைக்காய்ச்சல் போன்ற தொற்றாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மருந்தை விட்டு விட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

மாத்திரை விஷயத்தில், முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தது. இரவில் கெட்ட கனவு, தலைச்சுற்றல், சிலருக்கு மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட அதனால் வந்திருக்கின்றன. இப்போது அரசு மையங்களில் பெரும்பாலோருக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இதில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. இருந்தாலும் சிலருக்கு டோலுடெக்ராவிர் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படியானால் இரவுக்குப் பதில் காலையில் சாப்பிடலாமா என்று மையத்தில் கேட்டால் போதும்; இந்தச் சின்ன மாற்றத்திலேயே தூக்கம் திரும்பியவர்கள் உண்டு. காசநோய்த் தடுப்புக்காக ஐசோனியசிட் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அரிதாக அதுவும் மனத்தைக் குழப்பும். கூடவே பி6 வைட்டமின் கொடுப்பது முக்கியமாகக் கை கால் நரம்புகளைக் காக்க. தைராய்டு, ரத்தச்சோகை, பி12 குறைவு மூன்றும் அசதியையும் சோர்வையும் தருபவை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் பார்த்து ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் பெரும்பாலானோருக்கு இருப்பது: மனச்சோர்வு நோய். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களிடம் இது மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் போவது, இவற்றோடு தூக்கம், பசி, கவனம் கெடுவது, தன்மேல் வெறுப்பு. நம் ஊர் ஆண்கள் இதை மனத்தின் பெயரால் சொல்வதே இல்லை. நெஞ்சடைக்கிறது, உடம்பு எரிகிறது, தலை கனக்கிறது என்பார்கள். மருத்துவர் வாயுவுக்கு மாத்திரை கொடுப்பார். அந்த வாயு மாத்திரைகளிலும் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால் அது உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். எத்தனை மணி நேர இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மருந்து நன்றாக வேலை செய்யும்போது மனம் ஏன் இப்படி ஆகிறது? என் பார்வையில் வைரஸைவிட ரகசியம் காப்பது பெரிய வேலை. உங்கள் தம்பியின் சில மாதங்களை நினைத்துப் பாருங்கள். கோயம்புத்தூருக்குப் போகும் நாளுக்கு ஒரு பொய். அன்றைக்குப் போகாத வேலைக்கு இன்னொரு பொய். டப்பாவின் லேபிளைக் கிழிக்க வேண்டும். பையில் மாத்திரை குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்கப் பஞ்சு வைக்க வேண்டும். நண்பர்களோடு தங்கும் இரவில் யாரும் பார்க்காமல் விழுங்க வேண்டும். மாத்திரையை “மறந்துவிட்டேன்” என்பவர்களில் பலர் மறந்தவர்கள் அல்லர், மறைவிடம் கிடைக்காதவர்கள். இதை ஒருவர் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டும் என்றால் களைத்துப்போகாமல் எப்படி இருப்பார்?

எல்லையோர மக்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, அந்த வசதியே பிறகு பொறியாகிறது. இங்கே இருப்பவர் அங்கே போய் மருந்து வாங்கலாம். அங்கே இருப்பவர் இங்கே வரலாம். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர்த் தமிழர்கள் திருத்தணிக்கும் வேலூருக்கும் போவதும் இதே கணக்குத்தான். ஆட்சேபிக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஊர் வாயிலிருந்து தப்பிக்க மனிதர் தேடிக்கொண்ட வழி அது, பல உயிர்களைக் காத்த வழி. ஆனால் விலை இருக்கிறது. கோயம்புத்தூரில் அவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து வரிசையில் நின்று போகும் வெளியூர்க்காரர். “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” “சாப்பிடுகிறேன்.” அறிக்கையும் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான், நல்ல நோயாளி என்று அனுப்பிவிடுவார்கள். நூற்றுக்கணக்கானோருக்குப் பதில் சொல்லும் ஆலோசகரால் அறிக்கை மோசமானவரிடம்தான் உட்கார்ந்து பேச முடிகிறது. வைரஸ் அளவு மனத்தை அளப்பதில்லை. இந்தப் பக்கத்திலோ, பாலக்காட்டு மாவட்டத்தின் எந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை. இரண்டு மாநிலத்திலும் அவர் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்.

இன்னொன்று, எண்ணிக்கை. ஆந்திராவில் தொற்றின் விகிதம் நாட்டின் சராசரியைவிட அதிகம். கேரளத்தில் மிகவும் குறைவு. குறைவாக இருப்பது அரசுக்கு நல்ல செய்தி. தனிமனிதருக்கு அது தனிமை. தமிழ்நாட்டில் 1990களில் நாமக்கல் போன்ற லாரித் தொழில் ஊர்களில் நோய் பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களே ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் சங்கம் அமைத்தார்கள். 1998இல் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் பெண்கள் அமைப்பு அப்படி வந்ததுதான். தன்னைப் போல் ஒருவர் பதினைந்து இருபது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருப்பதைக் கண்ணால் பார்த்தால் நடக்கும் மாற்றத்தை எந்த ஆலோசகரின் பேச்சும் கொண்டுவராது. உங்கள் தம்பி இதுவரை அப்படி ஒருவரைச் சந்தித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். கோவை மையத்தில் பாசிட்டிவ் சங்கத்தின் கூட்டம் எங்கே எப்போது என்று கேளுங்கள். ஊர்க்காரர் யாரும் இல்லாத இடம் என்பது அங்கே உண்மையாகவே பயன்படும்.

இப்போது அந்தத் தட்டு. அம்மா பயத்தில்தான் வைத்திருப்பார், கெட்ட எண்ணத்தில் அல்ல. மூத்தவர்களிடம் கோபித்துப் பயனில்லை. ஆனாலும் அந்தத் தட்டு இன்றே அலமாரிக்குப் போக வேண்டும். தட்டு, டம்ளர், கழிப்பறை, துணி, கொசு, முத்தம், இருமல் எதனாலும் எச்.ஐ.வி. தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் வழிகள். தனித் தட்டு யாரையும் காப்பாற்றுவதில்லை. மூன்று வேளையும், நீ வேறு என்று அவருக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. சோறு இறங்கவில்லை என்கிறீர்கள். எந்தத் தட்டில் போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அம்மாவிடம் வாதம் வேண்டாம். நீங்கள் அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுங்கள், அம்மா பார்க்கும்படி.

எப்படி வந்தது என்று அவரிடம் கேட்பதையும் நிறுத்திவிடுங்கள், கேட்டுக்கொண்டிருந்தால். பெண்ணா, ஆணா, எங்கே, எப்போது என்பது அவர் சொன்னால் தெரிந்துகொள்வது. சொல்லாவிட்டால் தெரிய வேண்டாதது. சிலர் நோயை மட்டும் மறைப்பதில்லை, அதைவிடப் பழைய இன்னொரு ரகசியத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். உங்கள் தம்பி அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. கேள்வியே கேட்காத ஒரு வீடு இருந்தால் இரண்டையும் இறக்கி வைக்க முடியும்.

கல்யாணப் பேச்சு வீட்டில் நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முப்பது வயது ஆண், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலையில் உறவுகள், நடக்காமல் இருக்காது. ஒவ்வொரு ஜாதகமும் அவருக்கு ஓர் அடி. இங்கே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு, பலருக்கு யாரும் சொல்வதில்லை: மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆயிரக்கணக்கான தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து உறுதிசெய்த முடிவு இது. வாழ்க்கைத் துணைக்கு உண்மையைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு திருமணம் செய்யலாம், தொற்றில்லாத குழந்தை பெறலாம். மறைத்துக் கட்டிவைப்பது கூடாது. அது பெண்ணுக்குச் செய்யும் துரோகம், தம்பியின் மனத்துக்கும் அடுத்த சுமை. அவர் ஒரு முடிவுக்கு வரும்வரை ஜாதகத்தைக் கையில் எடுக்காதீர்கள். மாத்திரையை விடுவதில் உள்ள நஷ்டத்தையும் இந்தக் கோணத்தில் சொல்லிப் பாருங்கள். பயமுறுத்துவதைவிட நன்றாக ஏறும்.

கள் பற்றியும் ஒரு வார்த்தை. பாலக்காட்டுச் சித்தூர்த் தென்னங்கள்ளுக்குப் பெயர் போன ஊர் நம்முடையது, அந்தப் பக்கத்திலிருந்தே ஆட்கள் வந்து குடிக்கிறார்கள். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வாரம் தூக்கம் வரும், பிறகு குடி மட்டும் இருக்கும். தினமும் குடிப்பவராக இருந்தால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள்; வலிப்பு வரக்கூடும், மருத்துவர் மேற்பார்வையில் குறைக்க வேண்டும். கூடவே, முற்றாகக் குணப்படுத்துகிறேன் என்று வருகிற மூலிகை வைத்தியர்கள். 1990களிலேயே கொச்சியிலிருந்து எய்ட்ஸுக்கு மருந்து என்று விளம்பரத்தோடு ஒன்று விற்பனையானது. வைரஸை உடம்பிலிருந்து முழுதாக வெளியேற்றும் மாத்திரையோ மூலிகையோ இன்றுவரை இல்லை. மனம் உடைந்தவர்தான் அவர்களுக்கு எளிய வாடிக்கையாளர்.

எங்கே போவது? மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவு முதல் இடம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா அளவிலும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார். கேரளத்தின் குடும்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய ‘ஆஸ்வாசம்’ என்ற திட்டமும் இருக்கிறது. ஆனால் வீடு வீடாக வரும் ஆஷா சுகாதார ஊழியர் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் தயங்குவது நியாயம்தான். மொழியும் யோசிக்க வேண்டியது. நம் பக்கத்துத் தமிழர் எல்லோரும் மலையாளம் பேசுவோம். சந்தைக்கும் தாலுகா ஆபீசுக்கும் அது போதும். இரவு இரண்டு மணிக்குத் தனக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்ல அது போதாது. பாதி சொல்லிப் பாதியை விழுங்கிவிட்டு, “ஒன்றுமில்லை சார்” என்று எழுந்து வந்துவிடுவார்கள். அதனால் உங்கள் தம்பியைப் பொறுத்தவரை, மருந்து வாங்கும் அதே நாளில் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டுவது நல்லது என்பேன். எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரிடம் சொன்னால் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுப்பார்.

மனநல மருத்துவரிடம் எச்.ஐ.வி. மருந்தைப் பற்றி மறைக்கக் கூடாது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளுக்கும் இப்போதைய கூட்டு மாத்திரைக்கும் பொதுவாகச் சண்டை இல்லை. ஆனால் வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் கொடுக்கும் கார்பமஸெபின் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். மனச்சோர்வு மருந்து பலன் காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று தூக்கிப் போடுவதுதான் வழக்கமான தவறு. அது பழக்கமாகிவிடும் என்பதும் உண்மையல்ல. பழக்கமாவது கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை. நலமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். லேசான, நடுத்தரச் சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். ஜிம்பாப்வேயில் சுகாதார நிலையத்து மரத்தடி பெஞ்சில் பயிற்சி பெற்ற பாட்டிகள் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துப் பேசித் தீர்வு தேடுகிறார்கள். அங்கே வந்தவர்களில் கணிசமானோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள், பலன் இருந்தது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஊரில் பாட்டிகளுக்குப் பஞ்சமில்லை, திட்டம்தான் இல்லை.

வர மாட்டேன் என்று சொன்னால்? “உனக்கு மனநோய்” என்று தொடங்காதீர்கள். தூக்கமில்லை என்பது அவரே ஒப்புக்கொள்ளும் குறை. “தூக்கத்துக்கு ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாம், நானும் வருகிறேன்” என்பது பொய்யும் அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் இருப்பது அவருக்கு இந்த இரண்டு ஆண்டில் முதல் தடவையாக இருக்கும்.

கோவைப் பயணம் கட்டுப்படியாகாத நாள் வந்தால், மையம் மாறலாம். இரண்டு மாநிலத்திலும் ஒரே தேசியத் திட்டத்தின் மருந்துதான். மாற்றல் எழுதி வாங்கிக்கொண்டு கேரளத்தில் ‘உஷஸ்’ என்ற பெயரில் இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் சேர்ந்துவிடலாம். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் கூடாது.

கடைசிக் கேள்வி, அவருக்குத் தெரியாமல் பேசலாமா என்பது. பேசலாம், ஒரு திசையில் மட்டும். வீட்டில் நீங்கள் பார்ப்பதை, சொன்ன வார்த்தைகளை, விட்ட மாத்திரைகளை ஆலோசகரிடம் சொல்லலாம், அவர் கேட்டுக்கொள்வார். தம்பி அங்கே என்ன சொன்னார் என்பதை அவரது சம்மதமின்றி உங்களுக்குச் சொல்ல மாட்டார். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. வேலையிலோ மருத்துவமனையிலோ யாராவது அவரை ஒதுக்கினால் முறையிட மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் என்ற ஏற்பாடும் அதே சட்டத்தில் இருக்கிறது. பேசிய விஷயத்தைத் தம்பியிடம் பிறகு நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு வழியாகத் தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். மையத்துக்குப் போகும் முன் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1097 இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச எண், உங்கள் பெயரோ ஊரோ சொல்ல வேண்டியதில்லை. அழைக்கும் முன் மாத்திரை டப்பாவில் இருக்கும் மருந்துப் பெயர்களையும், கடைசி வைரஸ் பரிசோதனை எந்தத் தேதி என்பதையும், இந்த மாதம் எத்தனை நாள் விட்டார் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கும் முதல் மூன்று கேள்விகள் ஏறக்குறைய அவையாகத்தான் இருக்கும்.